குளுக்கோமீட்டர்: இன்சுலின் போடாதவர்கள் ஸ்ட்ரிப்பை எதற்குச் செலவழிக்கலாம்?

ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும்போது மீட்டர் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை, கெடுவது ரத்தத் துளியை வைக்கும் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்தான். அதிலுள்ள நொதிக்கு ஈரம் ஆகாது. அதனால் ஒன்றை எடுத்த கையோடு டப்பாவை மூடிவிட வேண்டும், மிச்சத்தை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. டப்பாவில் அச்சிட்ட காலாவதித் தேதி பல வகைகளில் திறக்காதவரைதான் செல்லும். திறந்துவிட்டால் அவற்றுக்கு 3 முதல் 6 மாதம்தான் ஆயுள், எனவே திறந்த தேதியை மேலேயே எழுதி வையுங்கள். வாரம் இரண்டு முறை பார்ப்பவர் 50 ஸ்ட்ரிப் டப்பா வாங்கினால் தீர ஆறு மாதம் ஆகும். ஆயுள் மூன்று மாதம் என்றால் பாதி குப்பைக்குப் போகும். அவருக்கு 25 போதும்.

தவறான அளவுக்குப் பெரும்பாலும் கைதான் காரணம். பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே அளவை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் குத்தினால் வலி அதிகம். ரத்தம் வரவில்லையென்று பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவினாலே துளி வந்துவிடும். விரலைக் குத்தும் ஊசியான லான்செட்டை யாரோடும் பகிரக் கூடாது.

148, 156 என்று அடுத்தடுத்து வந்தால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197:2013 என்ற சர்வதேசத் தரப்படி, 100 மி.கி./டெ.லி. முதல் மேலே உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை விலகல் ஏற்கப்படுகிறது. ஆய்வகத்தில் 200 என்றால் மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் தரத்துக்கு உட்பட்டதே. ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கூடுதலாகக் காட்டும். ஆய்வக முடிவோடு ஒப்பிடுவதானால் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் பாருங்கள். சாப்பிட்டபின் விரல் ரத்தத்தில் சர்க்கரை ஆய்வகத்தில் எடுக்கும் சிரை ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

தினமும் காலையில் ஒரு எண்ணைக் குறித்துவிட்டு மறந்துவிடுவதால் பலனில்லை. அமெரிக்காவில் இன்சுலின் போடாத 450 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஓராண்டு தினமும் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எண்ணைப் பார்த்து எதையும் மாற்றாவிட்டால் விரலுக்குத்தான் வலி.

ஜோடியாகப் பார்த்தால் விஷயம் கிடைக்கும்: ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. அதே உணவைப் பாதியாக்கியோ, சாப்பிட்டதும் நடந்தோ மறுபடி ஜோடியாகப் பாருங்கள். மூன்று நான்கு நாளில் எது ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு மீட்டரை உள்ளே வைத்துவிடலாம். மருந்து மாறும்போது, காய்ச்சலில், ஸ்டீராய்டு எடுக்கும்போது திரும்ப எடுங்கள்.

மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடிய கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் எடுப்பவர்கள் நடுக்கம், வியர்வை வந்தால் உடனே பார்க்க வேண்டும். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துக் கையைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். குளுக்கோஸ் தூள் ஒட்டிய விரல் பொய் சொல்லும்.