ஊட்டி டீயும் அதன் பின்னால் நிற்கும் கூட்டுறவு ஆலைகளும்: ஒரு மதிப்பீடு

ரேஷன் கடையில் வைத்திருக்கும் ஊட்டி டீ பாக்கெட்டை நம்பி வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். பால் டீக்கு ஏற்ற தூள். டஸ்ட் ரகம் என்பதால் சாயம் சீக்கிரம் இறங்கும். 150 மில்லி டம்ளருக்கு இரண்டரை கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் போதும். தண்ணீர் கொதித்த பிறகு தூளைப் போட்டு, ஒன்றரை நிமிடம் கழித்துப் பால் ஊற்றி, பொங்கி வந்ததும் வடிகட்டிவிடுங்கள். அதற்கு மேல் அடுப்பில் விட்டால் துவர்ப்பு ஏறிக் கசந்துவிடும். ஊட்டியில் இருப்பவர்கள் மட்டும் அரை நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் சாறு மெதுவாக இறங்கும். அசாம் தூளின் கனம் இதில் வராது. நீலகிரித் தேயிலையின் பலம் மணமும் பளிச்சென்ற நிறமும்தான்.

எந்தத் தூள் வாங்கினாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளை வடிதாளை நனைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். தூவிய உடனே சிவப்பாகவோ மஞ்சளாகவோ சாயம் கோடுகோடாக ஓடினால் அது நிறமேற்றிய தூள். நல்ல தூள் குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு வேகமாகச் சாயம் விடாது.

இந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது இன்கோசர்வ். குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1965 முதல் இயங்கும் கூட்டமைப்பு. இதன்கீழ் 16 தொழில் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் உள்ளன: குந்தா, மஞ்சூர், கைகாட்டி, பிக்கட்டி, கிண்ணக்கொரை, இத்தலார், கட்டபெட்டு, எப்பநாடு, கூடலூர்ப் பக்கம் சாலிஸ்பரி, பிதர்காடு என்று நீலகிரி மாவட்டம் முழுக்கப் பரவியவை. உறுப்பினர்கள் எல்லோரும் சிறு விவசாயிகள். பெரும்பாலோரிடம் ஓரிரு ஏக்கர்தான் இருக்கும். பெயரில் 'தொழில்' என்று இருப்பதைக் கவனியுங்கள். இந்த ஆலைகள் குறு, சிறு தொழில் துறையின் கீழ் வருகின்றன. கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும்.

விவசாயிக்கு இந்த ஆலைகள் தரும் சேவையில் மிகப் பெரியது கணக்குதான். தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை 2003-இன்படி, தூள் விற்ற விலையில் நூற்றுக்கு 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு ஆலைக்கு. சராசரி ஏலவிலை கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 4.3 கிலோ பசுந்தேயிலை வேண்டும். 65-ஐ 4.3-ஆல் வகுத்தால் கிலோ இலைக்கு 15 ரூபாய் 12 காசு. கூட்டுறவு ஆலையில் இந்தக் கணக்கை உறுப்பினர் கேட்டுப் பார்க்கலாம், பொதுக்குழுவில் எழுந்து விளக்கம் கேட்கலாம். இலை வாங்கும் தனியார் ஏஜென்டிடம் இலையைப் போடும்போது இந்த உரிமை கிடையாது.

தரத்தில் கோட்டை விடுவது பெரும்பாலும் தோட்டத்திலிருந்து ஆலைக்கு வரும் வழியில். இரண்டு இலை ஒரு மொட்டாக எடுத்த கொழுந்தையும் சாக்கில் அமுக்கிக் கட்டி, வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும். அப்படிச் சிவந்த இலை ஆலைக்குள் போகும் முன்பே நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. அதை நல்ல இலையோடு கலந்து ஓட்டினால் அந்த நாள் தூள் மொத்தமும் மங்கிவிடும். காற்றோட்டமுள்ள வலைச் சாக்கு, அதிலும் தளர்வான நிரப்பல், நிழலில் இறக்குவது, காலையும் மாலையும் இரண்டு நடை வண்டி: செலவு அதிகமில்லாத மருந்து இதுதான். கத்தரி போட்டு எடுக்கும்போது முற்றிய கரட்டு இலையும் தண்டும் சேர்ந்து வருவது அடுத்த சிக்கல். அவை இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. உருளையில் நாராகப் பிரியும், தூளின் நிறத்தைக் கெடுக்கும். இதனால் ஏலத்தில் கிலோவுக்கு 10 ரூபாய் இறங்கினால், மேலே சொன்ன கணக்குப்படி இலை விலையில் ஒன்றரை ரூபாய் போய்விடும். சரியாக எடுத்தவருக்கும் அதே இழப்புதான். ஆகவே தரம் பார்த்து இரண்டு விலை போடும் ஆலைதான் நல்ல ஆலை என்பது எங்கள் கருத்து.

குறைகளையும் சொல்ல வேண்டும். பணம் தாமதமாகிறது என்பதுதான் பொதுவாகக் கேட்கும் புகார். இன்று கொடுத்த இலை நாளை தூளாகிவிடும். ஆனால் தரம் பிரித்து, மூட்டை கட்டி, கிடங்குக்குப் போய், மாதிரி அனுப்பி, ஏலப் பட்டியலில் ஏறி, விற்று, வாங்கியவர் பணம் கட்டி முடிக்க ஐந்து வாரம்கூட ஆகலாம். அதுவரை கூலி, விறகு, மின்கட்டணம், இலைப் பணம் எல்லாவற்றுக்கும் கடன்தான். அந்த வட்டி ஆலையின் 35 பங்கைத் தின்கிறது. தின்றது போக மிஞ்சுவதில்தான் பழைய உலர்த்தியை மாற்ற வேண்டும், உருளைகளைத் தீட்ட வேண்டும். மழைக்குப் பின் இலை குவியும் மாதங்களில், இலையைப் பரப்பி ஈரத்தைக் குறைக்கும் வாடல் தொட்டிகள் போதாமல் போகின்றன. 12 முதல் 16 மணி நேரம் வாட வேண்டிய இலையை எட்டு மணி நேரத்தில் எடுத்து ஓட்டினால் தூளில் மணம் நிற்காது. நிறுத்தி வைத்தாலோ இலை அழுகும். அப்போது ஆலை இலை எடுப்பதற்கு வரம்பு போடுகிறது, உறுப்பினர் ஏஜென்டைத் தேடிப் போகிறார்.

இவை ஒரு மேலாளர் முயன்று தீர்க்கக்கூடிய குறைகள் அல்ல. அரசு செய்ய வேண்டியவை இருக்கின்றன. முதலாவது, ஆறு வார இலைப் பணத்துக்குச் சமமான நடைமுறை மூலதனத்தைக் குறைந்த வட்டியில் சுழல்நிதியாகத் தருவது. ஆண்டுக்கொரு முறை அறிவிக்கும் நிவாரணத்தைவிட இது பலமடங்கு பயன் தரும். அடுத்து, அரசு விடுதிகள், மருத்துவமனைகள், போக்குவரத்துக் கழக உணவகங்கள் ஆகியவை தங்கள் தேயிலையை இந்த ஆலைகளிடம் நேரடியாக வாங்கும் விதி. ஒரு லட்சம் கிலோ தூள் அப்படிப் போனால் 4.3 லட்சம் கிலோ இலை ஏலத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பும், பணமும் முன்கூட்டி வரும்.

வருமான வரியில் ஒரு பழைய முள் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80P பிரிவு, உறுப்பினரின் விளைபொருளை 'மின்விசை இல்லாமல்' பதப்படுத்தும் சங்கத்துக்கு வரிக் கழிவு தந்தது. ஆலை அளவில் தேயிலையை மின்சாரம் இல்லாமல் பதப்படுத்த முடியாது. வாடல் தொட்டியின் விசிறியிலிருந்து உலர்த்திவரை எல்லாமே மோட்டாரில் ஓடுபவை. சிறு விவசாயிகளின் ஆலைக்காவது அந்த நிபந்தனை இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட நாங்கள் அழுத்திக் கேட்பது ஆலை நிர்வாகக் குழுவுக்கான தேர்தல். அரசியல் சாசனத்தின் 43B கூறு, கூட்டுறவுகளின் தன்னாட்சியையும் ஜனநாயகக் கட்டுப்பாட்டையும் அரசு வளர்க்க வேண்டும் என்கிறது. தேர்ந்தெடுத்த குழுவுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாற்றலாகிப் போய்விடுவார். இலை போடுகிறவர் அங்கேயே இருப்பார்.

உறுப்பினர்கள் ஆலை தரும் இந்த மாதக் கணக்குச் சீட்டில் மூன்று எண்களைப் பாருங்கள்: இலை எடையில் ஈரத்துக்குக் கழித்த சதவீதம், ஆலையின் சராசரி விற்பனை விலை, நூறு கிலோ இலைக்குக் கிடைத்த தூள். கடைசி எண் 22-க்குக் கீழே இறங்கியிருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.