தமியா வெதரிங் மாஸ்டர் செட் பி: எச்.ஓ. வேகனுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மாதிரி ரயில் வேகன்களை ஓடிப் பழசானதுபோல் அழுக்கும் துருவுமாகக் காட்டுவதற்கான (வெதரிங்) தமியா நிறுவனத்தின் இந்த டப்பியைத் திறந்தால் ஐ ஷேடோ போலத்தான் இருக்கிறது. மூன்று வண்ணக் கட்டிகள், ஒரு முனையில் பஞ்சும் மறுமுனையில் பிரஷ்ஷும் உள்ள ஒரு குச்சி. செட் பி-யின் வண்ணங்கள் ஸ்னோ, சூட், ரஸ்ட்: பனி வெள்ளை, புகைக்கரி, துரு. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு (1:87) மாதிரிச் சரக்கு வேகன்களுக்கு அழுக்கேற்ற நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதுதான். தூள் பிக்மென்ட் (நிறப்பொடி) போல மேசையெங்கும் பறக்காது. கட்டியில் லேசான பிசுக்கு இருப்பதால் தேய்த்த இடத்திலேயே நிற்கும்.

ஆனால் நிற்பது மேட் (பளபளப்பில்லாத) பரப்பில்தான். பளபளப்பான வேகன்மேல் நேரடியாகத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போய்த் திட்டுத்திட்டாகும். முதலில் சக்கரங்களைக் கழற்றி, கப்ளர்களை (வேகன்களை இணைக்கும் கொக்கிகளை) மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். டிஎஸ்-80 ஃப்ளாட் கிளியர் போன்ற மேட் ஸ்ப்ரேயை ஓரடி தள்ளி நின்று மெல்லியதாக இரண்டு தடவை அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் பூச்சு பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். சென்னை நவம்பர் இந்த வேலைக்கு ஆகாது.

நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன் என்றால் துருவை வெளிப்புறம் முழுக்க அப்ப வேண்டாம். தண்ணீர் தங்கும் இடங்களைத் தேடுங்கள்: பக்கவாட்டு விலாக்கட்டைகளின் அடி, கீழ்விளிம்பு, கதவுக் கீல். அங்கே ரஸ்டைத் தொட்டு வைத்து, சுத்தமான தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். குறுக்கே ஒரு இழுப்பு போனாலும் மழை வழிந்த தோற்றம் கெட்டுவிடும். உட்புறம் வேறு கதை. கரி உரசி உரசிப் பெயின்ட் போயிருக்கும் என்பதால் அங்கே ரஸ்டைத் தாராளமாகத் தேய்த்து, மூலைகளில் சூட் வைக்கலாம். ஸ்னோவைப் பனிக்கென்று ஒதுக்கிவிடாதீர்கள். சிமென்ட் ஏற்றும் மூடிய வேகனின் கதவோரத்தில் அது அருமையான சிமென்ட் தூசு.

கூடவே வரும் பஞ்சு எச்.ஓ. அளவுக்குப் பெரியது. ரோமத்தை 3 மி.மீ. விட்டு வெட்டிய பழைய பிரஷ் இன்னும் துல்லியம். இந்த ரஸ்ட் பழைய, கருத்த துரு; புதிதாகப் பூத்த ஆரஞ்சுத் துரு வேண்டுமென்றால் செட் சி. தடிமனாக அப்பிய சேறும் இதில் வராது, அதற்குத் தூள் பிக்மென்ட்தான். தவறியதை ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம், எனினும் மேட் பரப்பின் நுண்குழிகளில் கொஞ்சம் சாயல் தங்கிவிடும்.

கையில் எடுத்துப் புழங்கும் வேகனுக்கு மேலே மறுபடி மேட் கிளியர் அவசியம். அடித்ததும் வண்ணம் மங்கும், ஸ்னோ ஏறக்குறைய மறைந்தே போகும். அதனால் தேவைக்குச் சற்று அழுத்தமாகவே தேய்த்துவிட்டு, தூறல்போல் லேசாக அடியுங்கள். சக்கரங்களின் வெளிமுகத்துக்கு மட்டும் ரஸ்ட். தண்டவாளத்தைத் தொடும் பகுதியில் பட்டிருந்தால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்த பிறகே மாட்டுங்கள். அந்த அழுக்கு தண்டவாளத்துக்குப் போனால் எஞ்சினுக்கு மின்சாரம் சீராகக் கிடைக்காது.