மாதம் 3,500 ரூபாய்க்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை: மூன்று ஆண்டு அனுபவம்

பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேற்பாகம்) தைக்கும் சிறிய கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். மொத்தம் 26 பேர். பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வேனில் வரும் பெண்கள். 10 பேர் இருந்தபோதே இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வந்துவிட்டது. 20ஐ எட்டியதும் வருங்கால வைப்பு நிதியும் கட்டாயமாகிவிடவே, வேலூரில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திக்கொண்டேன். அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

சலான் வேலையில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. வருகைப் பதிவேட்டையும் பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்கேற்ற கூலி) கணக்கையும் அனுப்பிவிட்டால், வைப்பு நிதிக்கு இரு தரப்பின் 12 சதவீதமும், இஎஸ்ஐக்கு எங்கள் 3.25, தொழிலாளியின் 0.75 சதவீதமும் கணக்கிடப்பட்டு, 15ஆம் தேதிக்குள் கட்டும்படி சலான் வந்துவிடும். ஆதாரில் தந்தை பெயர் முழுமையாகவும் மற்ற ஆவணங்களில் தலைப்பெழுத்தாகவும் இருப்பது நம் ஊரில் வீட்டுக்கு வீடு உள்ள சிக்கல்தான். அதனால் யூஏஎன் (வைப்பு நிதிக் கணக்கு எண்) இணைக்க முடியாமல் நின்ற ஏழு பேரின் பதிவுகளை, ஆலோசனை நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் நேரில் வந்து, ஒவ்வொருவருடனும் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார்.

ஆனால் ஒப்பந்தத்தில் 'பணிநீக்கம் வரையிலான ஆலோசனை' என்றும் ஒரு வரி இருந்தது. சென்ற ஆண்டு, ஆறு ஆண்டுகளாகத் தைத்துவரும் பெண் ஒருவர் தகவலின்றி 12 நாட்கள் வரவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்ட பத்தாவது நிமிடத்தில், அவர் தாமாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதிப் பெயர் நீக்கப்படுகிறது என்ற கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. அடியில் வேறொரு கம்பெனியின் பெயர் அழிக்கப்படாமலே இருந்தது! அந்த அலட்சியம்தான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். சந்தேகப்பட்டு, தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். நிலையாணையே (நிறுவனத்தின் வேலை விதிகளே) அனுமதித்தாலும், விளக்கமளிக்க வாய்ப்புத் தராமல், உள்விசாரணை நடத்தாமல் பெயரை நீக்குவது செல்லாது என்று 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். விளக்கம் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினோம். நான்காம் நாள் அந்தப் பெண், மாமியாரின் மருத்துவமனைச் சீட்டுடன் வந்து நின்றார். இன்றும் அதே மெஷினில்தான் தைக்கிறார்.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) தவிர்க்க, ஐந்தாண்டு நிறைவதற்கு முன்பே கணக்கை முடித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும்படி ஆலோசனை நிறுவனத்தார் சொன்னதும் இதே ரகம். 12,000 ரூபாய் சம்பளத்தை 26ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் என்று கணக்கிட்டால், ஐந்தாண்டுக்குச் சுமார் 34,600 ரூபாய் வருகிறது. தேர்ந்த கை ஒன்றை இழந்து, புதியவரைப் பழக்கி, கெட்டுப்போகும் தோலையும் கணக்கில் சேர்த்தால் எது நஷ்டம் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சட்டத்தை ஏமாற்றும் வழி என்பது ஒருபுறமிருக்க, எனக்கு அது வியாபாரமாகவும் படவில்லை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, ஊதியத்தின் புதிய வரையறை பீஸ் ரேட் கூலிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருந்தேன். பொதுவான பிடிஎஃப் ஒன்று வந்தது. என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

இப்போது சலான் வேலையை மட்டும் 2,000 ரூபாய்க்கு அவர்களிடமே வைத்துக்கொண்டு, ஆட்கள் தொடர்பான எந்தக் கடிதத்தையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அனுப்புகிறேன்.