கிட்டார் ‘பேலன்ஸ்’ சரிசெய்து தருகிறோம் என்றார்கள்: 6,800 ரூபாய் போயிற்று

போன வியாழக்கிழமை தங்கச்சிமடத்துக்குப் பார்சல் வந்தது. இன்று காலை அந்தக் கடைக்காரர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். இப்படிப்பட்டவர்களிடம் மாட்டாமலிருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது எஸ்.ஜி. என்கிற வடிவத்தில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார். மெலிந்த உடல், கழுத்தின் இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டையான இரண்டு கொம்பு. உட்கார்ந்து வாசித்தால் ஒரு குறையும் இல்லை. ஸ்ட்ராப், அதாவது தோள்வார், போட்டு நின்றால் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும். இந்த வடிவத்துக்கு உள்ள பழைய தொல்லைதான் இது. ஸ்ட்ராப்பை மாட்டும் முன்பக்கக் குமிழ் கழுத்தின் அடியிலேயே இருப்பதால் கிட்டார் முழுவதும் இடப்பக்கம் தள்ளிப்போகிறது; கழுத்தின் பாரத்தை அந்த மெல்லிய உடலால் இழுத்துப் பிடிக்க முடிவதில்லை. பூசையில் பாடற்குழுவோடு நிற்கும்போது என் இடக்கை பாதி நேரம் சுமைதூக்கும் வேலைதான் பார்க்கும். ஒருமுறை கையை எடுத்த நொடியில் கிட்டாரின் தலை போய் மைக் ஸ்டாண்டில் மோதியது. சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் இணையத்தில் அந்தப் பழுதுபார்க்கும் கடையின் வீடியோ கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம், பெரிய நகரம், சின்னக் கடை. ஒருவர் கிட்டாரை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டுவிட்டு நிதானமாகத் தேநீர் குடிக்கிறார். கிட்டார் அசையவில்லை. உடனே பேசினேன். “தங்கச்சிமடமா தம்பி? என் மாமனார் வீடு உச்சிப்புளிதான். நம்ம ஊர்ப் பிள்ளைக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப்போகிறேன்?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குமிழை இடம் மாற்றுவது, தலையில் கம்பியை முறுக்கும் கனமான டியூனர்களை எடுத்துவிட்டு இலேசானவை போடுவது, எடை சரிக்கட்டப் பின்பக்கம் ஈயம் வைப்பது, நல்ல தோல் ஸ்ட்ராப், எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். முன்பணமாகவே முழுதும். 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணமாக வீட்டுக்கு வந்த 8,000 ரூபாயிலிருந்து அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய 6,800 அது.

திரும்பி வந்ததைச் சொல்கிறேன். மேல்கொம்பின் நுனியில் துளை போட்டு மரத்தைக் கீறிவிட்டிருக்கிறார்கள். டியூனர்கள் எங்கள் உப்புக்காற்றில் துருவேறிய அதே பழைய ஆறு. தோல் ஸ்ட்ராப் என்றது ரெக்சின். வழுவழுவென்று தோளில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஈயம் எங்கே என்று பின்மூடியைக் கழற்றினால் டேப் சுற்றிய நாலு இரும்பு வாஷர். ஈயம் இல்லையென்று சொல்லியிருந்தால் எங்கள் வீட்டு வலையிலிருந்தே அறுத்து அனுப்பியிருப்பேனே!

முதல் முறை கேட்டபோது மெக்கானிக் விடுப்பு. அடுத்த நாள், நான் நிற்கும் முறை சரியில்லையாம். அதற்கடுத்து, கடற்காற்றில் மரம் ஊதியிருக்குமாம். “அண்ணே, உச்சிப்புளிக்கு வரும்போதாவது ஒரு எட்டு வந்து பாருங்கள்” என்றேன். “எந்த உச்சிப்புளி?” என்று கேட்டார்.

நேற்றிரவு அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் மாட்டியிருந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்கிற வேறொரு வடிவம். 1954 முதல் இருக்கும் வடிவம். மேல்கொம்பு நீண்டு ஏறக்குறைய கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் 12-ஆவது ஃபிரெட் வரை வரும், குமிழும் அதன் நுனியில். அது சாதாரணமாகவே சாயாது. அதைக் காட்டி என்னிடம் 6,800 ரூபாய்!

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. முழுப்பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். உங்கள் கிட்டாரையே மாட்டிக் கையை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய டியூனர்களைத் திருப்பிக் கேளுங்கள். துளை போட விடுவதற்கு முன்னால் அகலமான, உட்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் ஒன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள். சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பாதித் தொல்லை அதிலேயே தீரலாம். ஊர்ப்பேர் சொல்லிக் கொஞ்சினால் போனை வைத்துவிடுங்கள்.

அப்பா வலை ஈயத்தில் கொஞ்சம் கோத்து ஸ்ட்ராப்பின் பின்முனையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பார்க்க அசிங்கம்தான், ஆனால் கழுத்து முன்னளவுக்குச் சாயவில்லை. கொம்பிலிருக்கும் கீறலில் பசை காய்ந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றம்.