ஆறு வருஷமாக ஒரு புத்தகச் செயலியும் ஒரு செம்பருத்திப் பூவும்

போன வாரம் இடைவேளையில் எங்கள் மொரிஷியஸ் பள்ளியின் இளைய தமிழாசிரியர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஐயா, நீங்க வெச்சிருக்கிற செயலிதானே இது? வருஷச் சந்தா 1,800 ரூபாயிலேர்ந்து 900-க்கு இறங்கியிருக்கு. போட்டுடலாமா?" வேண்டாம் என்றேன். அடுத்த நொடியே "இருங்க, இருங்க" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்புக்கு ஓடும்போது சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது, அதனால் எழுதிவிடுகிறேன்.

செயலியின் பெயரைப் போடவில்லை. பாதிக்கு மேல் திட்டாகத்தான் இருக்கும். பெயர் சொல்லித் திட்டுகிற வயசை நான் தாண்டிவிட்டேன். வைத்திருப்பவர்களுக்குத் தானாகப் புரியும். படித்ததைக் குறித்து வைப்பது, நட்சத்திரம் போடுவது, மதிப்புரை எழுதுவது, 'உங்களுக்காக' என்று அது நீட்டுகிற பட்டியல், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காசு கட்டினால் விளம்பரம் வராது, முதல் இருபது பக்கத்தைப் படித்துப் பார்க்கலாம், பட்டியல் நீளும்.

நான் சேர்ந்தது 2020-இல். ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸுக்கு மெட்ரோ ஓட ஆரம்பித்த வருஷம். அதற்கு முன்னால் பஸ். பஸ்ஸில் படித்தால் எனக்குக் குமட்டும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போவேன். மெட்ரோவில் குலுக்கல் இல்லை. தினமும் போகவும் வரவும் முக்கால் மணி நேரம் சும்மா கையில் வந்து விழுந்தது. படிக்க என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன்.

இங்கே தமிழ்ப் புத்தகம் தேடுவது தனிக் கதை. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது, நான் தமிழ் படித்ததே அந்த வளாகத்தில்தான். ஆனால் போன வருஷம் வந்த நாவல், போன மாதம் வந்த கட்டுரைத் தொகுப்பு என்றால் சென்னையிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். என் மைத்துனர் ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய்விட்டு, தைப்பூசக் காவடிக்கு இங்கே வருவார். பெட்டியில் அவர் அக்காவுக்குப் புடவை, அப்பளம், மாவடு எல்லாம் போக எனக்கு நாலு கிலோ. பத்துப் பன்னிரண்டு புத்தகம். ஒரு வருஷம் தேர்வை அவரிடமே விட்டேன். வாசல் பக்கம் அடுக்கி வைத்திருந்ததை அள்ளிக்கொண்டு வந்தார்: தன்னம்பிக்கை நூல் மூன்று, சமையல் ஒன்று, மிச்சமெல்லாம் ராஜா ராணி. பிடிக்காத புத்தகம் வந்தால் அடுத்த காவடி வரை அதோடுதான் குடித்தனம். பட்டியலைச் சரியாகப் போட்டாக வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

என் ருசியும் கொஞ்சம் கோணல். ஒரு ஆள் ஒரு வேலையைச் செய்கிறான். கை எங்கே போகிறது, கருவிக்கு என்ன பெயர், எந்த இடத்தில் தப்பாகும் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். உப்பளம், தறி, செங்கல் சூளை, எதுவானாலும் சரி. கதாநாயகன் யாரைக் கட்டிக்கொள்கிறான் என்பதெல்லாம் அப்புறம். என் தாத்தா கரும்பு வெட்டியவர். வெட்டுக்கத்தியைத் தீட்டுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், தன் கல்யாணத்தைப் பற்றி ஒரே வரியில் முடிப்பார். அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. எந்தச் செயலியிலும் இதற்கு ஒரு பிரிவு கிடையாது. வரலாறு, குடும்பம், காதல், துப்பறியும் கதை, ஆன்மிகம். உப்பளத்தை எதில் போடுவார்கள்?

முதல் வருஷம் முழுக்க அது எனக்குப் பிரெஞ்சு நாவல்களாகக் காட்டியது. நாடு என்ற இடத்தில் மொரிஷியஸ் என்று போட்டதற்குத் தண்டனை. மொழியை மாற்றலாமென்றால் பட்டியலில் தமிழே இல்லை. எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, எண்கூடத் தமிழ் எண், இதில் இல்லை. அப்புறம் 2022-இல் ஒருவழியாகச் சேர்த்தார்கள். சேர்த்த பிறகுதான் உண்மையான வேடிக்கை ஆரம்பித்தது.

இது பரிந்துரைக்கிற விதம் ஒன்றும் மாயமில்லை. நான் நட்சத்திரம் போட்ட புத்தகங்களுக்கு என்னைப் போலவே நட்சத்திரம் போட்டவர்கள் யார், அவர்கள் வேறு எதைப் படித்தார்கள் என்று பார்த்து அதை என்னிடம் தள்ளும். ஆங்கில நாவலுக்கு மதிப்பெண் போட ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கிறார்கள், அங்கே இது நன்றாக ஓடும். நான் தேடுகிற தமிழ்க் கட்டுரைத் தொகுப்புக்கு ஒன்பது பேர் போட்டிருப்பார்கள். அதில் இரண்டு பேர் எழுத்தாளரின் உறவுக்காரர்கள் என்பது மதிப்புரையைப் படித்தாலே தெரியும். ஒன்பது பேரை வைத்து அது யாரை எனக்குப் பக்கத்து வீடாக்கும்?

அந்த ஒன்பதும் ஒரே இடத்தில் இருக்காது. தலைப்பை ஆங்கில எழுத்தில் பதியும்போது ழகரத்துக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார், மூன்றாமவர் இசட்டோடு நிறுத்திவிடுவார். ஒரே புத்தகம் மூன்றாகிவிடும். நாலு பேர் ஒன்றில், மூன்று பேர் இன்னொன்றில், இரண்டு பேர் மற்றதில். இனிஷியல் இன்னும் மோசம். குடும்பப் பெயர் எங்கே என்று செயலி கேட்கும், பதிகிறவர் எதையாவது போட்டுத் தொலைப்பார். இனிஷியல் முன்னால் இருந்தால் ஒரு எழுத்தாளர், பின்னால் போனால் வேறொரு எழுத்தாளர். ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து நாற்பது ஐம்பது புத்தகங்களை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் அனுப்பினேன். இருபதுக்கு மேல் செய்தும் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

இப்படி ஆள் பற்றாமல் போகும்போது அது பொதுவாக அதிகம் பேர் படித்ததைத் தூக்கி முன்னால் வைக்கும். மகளுக்காக வாங்கிய ஒரு சோழர் காலத்து நாவலுக்கு, அவள் ஆசையாகக் கேட்டாளே என்று, நாலு நட்சத்திரம் போட்டேன். அன்றிலிருந்து என் முகப்புப் பக்கத்தில் ஒரு இளவரசன் வாளோடு குதிரைமேல் நிற்கிறான். 'ஆர்வமில்லை' என்று அழுத்தினால் போய்விடுவான். வியாழக்கிழமை வேறு குதிரையில் வருவான்.

பிறகு ஏன் ஆறு வருஷம் வைத்திருந்தாய் என்றால், செம்பருத்தியால்.

அது ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. முகப்படத்தில் ஒரு செம்பருத்திப் பூ, அவ்வளவுதான். ஏராளமாகப் படிக்கிற ஆள். படித்ததில் முக்கால்வாசி பிடிக்காத ஆள். முதன்முதலில் கண்ணில் பட்டது ஒரு மீனவ ஊர் நாவலுக்குப் போட்டிருந்த ஒற்றை நட்சத்திரம். கீழே இப்படி எழுதியிருந்தது: "முப்பது பக்கத்துக்கு வலை பின்னுவதையே எழுதியிருக்கிறார். கதை எங்கே? காசு வீண்."

அதே புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்ட எல்லோரும் 'கீழே வைக்க முடியவில்லை', 'கண்ணில் நீர் வந்தது' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தால் உள்ளே வலை இருப்பதே தெரியாது. நான் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் படித்துவிட்டு மின்னூலை வாங்கினேன்.

வாங்கியது 2024 ஜனவரி 14 ராத்திரி. மறுநாள் பொங்கலும் பெலால் புயலும் ஒரே நாளில் வந்தன. போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் வெள்ளத்தில் மிதந்து போனதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது, பால் பொங்கியதைச் சமையலறைக்குள்ளேயே மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தோம். போனில் அறுபது சதவீதம் சார்ஜ். வலைக்கண்ணை விரல் வைத்து அளக்கிறார்கள், எந்த மீனுக்கு எத்தனை விரல் என்று கிழவர் சொல்கிறார், பேரன் ஒரு விரல் தப்பாகப் போட்டதை நாலு முழம் தாண்டித்தான் கண்டுபிடிக்கிறார், மொத்தத்தையும் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிக்கிற இடம் மட்டும் ஆறு பக்கம். பதினொரு சதவீதத்தில் முடித்தேன். முப்பது பக்கம் என்றதும் பொய், எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு.

அன்றிலிருந்து செம்பருத்திக்குப் பிடிக்காததெல்லாம் என் பட்டியல். "இந்த ஆளுக்கு ஊரில் எத்தனை கிணறு என்று எண்ணுவதே வேலை" என்று இரண்டு நட்சத்திரம் போட்டிருந்த புத்தகம் இப்போது என் தலைமாட்டில். "அரிவாள் அடிப்பதற்கு ஒரு அத்தியாயமா?" என்று கேட்டிருந்ததை இரண்டு முறை படித்தாயிற்று. ஒருமுறை மரியாதைக்காக, அது ஐந்து நட்சத்திரம் போட்ட நாவல் ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன். இருபதாம் பக்கத்தில் மழையில் முத்தம். வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று, செம்பருத்தி நேர்மையான வாசகர். முழுசாகப் படித்துவிட்டுத்தான் திட்டும், எதற்குத் திட்டுகிறது என்று சொல்லித்தான் திட்டும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். போன ஆகஸ்டில் செயலி புதுப்பிக்கப்பட்டது. இனி மதிப்புரைகளை நேராகக் காட்டாதாம். எல்லாவற்றையும் இயந்திரமே படித்துவிட்டு மூன்று வரியில் சுருக்கித் தருமாம். வலைப் புத்தகத்தின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். "வாசகர்கள் இந்த நாவலின் உணர்வுபூர்வமான சித்திரிப்பைப் பாராட்டுகின்றனர். சிலர் நடை சற்று மெதுவாக இருப்பதாகக் கருதுகின்றனர்." முப்பது பக்கம் போயிற்று, வலை போயிற்று, காசு வீண் என்ற வயிற்றெரிச்சலும் போயிற்று. கிணறு எண்ணிய புத்தகத்துக்கும் அதே வரி. அரிவாளுக்கும் அதே வரி. சற்று மெதுவாம். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது மெட்ரோவில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டுவிட்டேன்.

மூல மதிப்புரைகள் உள்ளே எங்கேயோ இருக்கின்றன. சுருக்கத்தை அழுத்தி, 'மேலும்' அழுத்தி, வரிசையை மாற்றி, 'குறைந்த மதிப்பெண்' என்று தேர்ந்தெடுத்தால் வரும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இதே. ஒருவரைத் தொடரும் வசதியைச் சந்தாதாரருக்கு மட்டும் ஆக்கிவிட்டார்கள், அதாவது செம்பருத்தியைப் பார்க்க இனி காசு. எழுதிக் கேட்டேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது. அதையும் இயந்திரம்தான் எழுதியிருக்கும்.

நியாயமாகச் சொன்னால் முதல் இருபது பக்கம் படித்துப் பார்க்கிற வசதி உருப்படியானது, என் நாலு கிலோவில் குப்பை சேர்வது அதனால்தான் நின்றது. ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட என் பட்டியலைத் தொலைத்ததில்லை. மற்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பழையதுதான் வேண்டும் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. பழைய தமிழ் நூல்களை இணையத்தில் போட 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. இரண்டும் இலவசம். அவை எதையும் பரிந்துரைக்காது, பட்டியலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். மேலிருந்து கீழே விரலை ஓட்டி நான் பிடித்த நல்ல புத்தகங்கள் உண்டு. இளவரசன் குறுக்கே வரமாட்டான்.

மறுநாள் அந்த ஆசிரியரிடம் விவரமாகவே சொன்னேன். அவர் துப்பறியும் கதை படிக்கிறவர், அதுவும் ஆங்கிலத்தில். அவருக்கு இந்தச் செயலி அப்படியே பொருந்தும், கேட்டதும் கையில் கொடுக்கும், 900 ரூபாய் மலிவு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, போடாதீங்க என்றேன். ஏன் என்று கேட்டார். வலையையும் கிணற்றையும் அரிவாளையும் ஒரே வரியில் எழுதுகிறவனுக்கு எதற்குக் காசு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்ப நீங்க நிறுத்திட்டீங்களா ஐயா?"

முந்தின நாள் ராத்திரியே அடுத்த வருஷத்துக்குக் கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை செம்பருத்தி ஒரு தொகுப்புக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறது: "தோல் ஊறவைக்கிற நாற்றம் பக்கத்துக்குப் பக்கம். தாங்கவில்லை." மைத்துனருக்கு அனுப்ப வேண்டிய பட்டியலில் அதுதான் முதல் பெயர். பாதி விலை இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் என்று மட்டும் அந்த ஆசிரியரிடம் சொன்னேன்.