ஆடி அமாவாசையும் ஒரு ஆமைப்பூட்டும்

முதலில் பூட்டைச் சொல்லிவிடுகிறேன். பித்தளை ஆமைப்பூட்டு, உள்ளங்கை அளவு, உப்புக்காற்றில் பச்சை பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நானும் மனுசியும் இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் குந்தியிருந்தோம். பூட்டுக்கு அந்தப் பக்கம் எட்டு அங்குலத் தொலைநோக்கி. இந்தப் பக்கம் நாங்கள், ஒரு காவல்கார ஐயா, ஒரு நுளம்புத்திரி.

இடம் இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோவிலுக்குத் தெற்கே, பொத்துவில் வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு மணல் ஒழுங்கை. கோமாரிக் கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்க வந்தோம் (கூடாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல கூடாரம்). பக்கத்தில் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் ஊர்ப் பொடியளும் சேர்ந்து தகரக் கொட்டில் ஒன்று கட்டி, கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறக்கிற மாதிரிச் செய்து, வருகிற சனத்துக்கு வானம் காட்டுகிறார்கள் என்று மச்சான் சொன்னான். வட்சப்பில் கேட்டதற்கு "வாங்க 7 மணி" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். எத்தனை பேர் என்று கேட்கவில்லை, காசு எவ்வளவு என்று சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவில். அங்கே ரிச்மண்ட் ஹில்லில் டேவிட் டன்லப் வானாய்வகம் இருக்கிறது, 1935 இல் திறந்தது, 74 அங்குலக் கண்ணாடி, கனடாவிலேயே பெரிய ஒளியியல் தொலைநோக்கி. ஒருமுறை பிள்ளைகளோடு போயிருந்தோம். முன்பதிவு, நேரம், நினைவூட்டல் மின்னஞ்சல், எல்லாம் வந்தது. அங்கே இல்லாத ஒன்றே ஒன்று தெற்கு வானம். தென்சிலுவை என்கிற நாலு நட்சத்திரக் கூட்டம் ரொறன்ரோவில் எந்த மாதத்திலும் அடிவானத்துக்கு மேலே வராது. கிழக்கு மாகாணத்தில் ஆடி மாதத்தில் இருட்டியவுடன் தென்மேற்கில் சாய்ந்து நிற்கும், எட்டரைக்குள் பனைகளுக்குள் இறங்கிவிடும். இதையெல்லாம் தொலைபேசிச் செயலியில் பார்த்து, நிலவே இல்லாத இரவாகத் தெரிந்து, விமானச் சீட்டு போடும்போதே நாளைக் குறித்து வைத்தவன் நான். மனுசியிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன்.

அன்று மத்தியானம் அக்கரைப்பற்றில் கோழிப் புரியாணி சாப்பிட்டோம். அதைத் தாண்டித் திருக்கோவில் பக்கம் வந்தால் வாகனம் நகரவில்லை. வீதி நிறைய ஈரத்தலையும் வேட்டியுமாகச் சனம், வான், ஓட்டோ, லொறியின் பின்னால் குடும்பம் குடும்பமாக. ஏதோ திருவிழா போல என்றேன். மனுசி ஒன்றும் சொல்லவில்லை.

ஆறே முக்காலுக்குக் கொட்டிலுக்குப் போய்விட்டோம். ஐயா ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தட்டி மனுசிக்குக் கொடுத்தார். "சேர் இந்தா வந்திருவார் மனே."

ஏழே காலுக்கும் இந்தா. ஏழரைக்கும் இந்தா. சேரின் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள். ஊரை விட்டுப் போய் இருபத்தொரு வருடம், இந்த 'இந்தா' எத்தனை நிமிடம் என்று ஒரு காலத்தில் எனக்குத் துல்லியமாகத் தெரியும், இப்போது மறந்துவிட்டது என்பதை அந்த மணலில் நின்றுதான் உணர்ந்தேன். கடை திறக்கிற ஆள் ஐந்து நிமிடம் பிந்தினால் கூகிளில் ஒற்றை நட்சத்திரம் போடுகிற ஊரில் வாழ்கிறவன், இங்கே ஆயிரக்கணக்கான நட்சத்திரத்துக்குக் கீழே நின்று கொதித்துக்கொண்டிருக்கிறேன். "ஒரு திறப்பு, ஒரே ஒரு திறப்பு, அதைக் கொடுத்துவிட்டுப் போக ஏலாதா?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

ஐயா கோபிக்கவில்லை. வாழையிலையில் சுற்றியிருந்த உழுந்து வடையை நீட்டினார். "படைச்சது மனே, சாப்பிடுங்க. சேர் விடியப்புறமே தீர்த்தத்துக்குப் போனவர், சனத்துக்குள்ள மாட்டிக்கிட்டார் போல. இண்டைக்கு ஆடி அமாவாசையெல்லோ." அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அப்பா இருக்காரா?" என்றார்.

இல்லை என்றேன். ஆறு வருடம்.

"மறுகா விரதமில்லையா?"

புரியாணி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. நிலவில்லாத இரவு என்று செயலியில் பார்த்துக் குறித்த எனக்கு, ஆடி மாதத்தில் அதற்கு என்ன பெயர் என்று நினைவு வரவில்லை பாருங்கள். சின்ன வயதில் அப்பா தன் அப்பாவுக்காகத் திருக்கோவில் கடலில் முழுகி எழும்பும்போது அவருடைய மாற்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவன் நான்தான். மனுசிக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. "நீங்க வேணுமெண்டுதான் விட்டிட்டீங்க எண்டு நினைச்சன்" என்றாள். இதற்கு நான் என்ன சொல்ல.

சரி. வடையைச் சாப்பிட்டேன்.

அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், இடையில் ஒருமுறை போன் வெளிச்சத்தைப் பார்த்தாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நான் நிமிடத்துக்கொரு தடவை போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு வானம் கறுப்பாகத்தான் இருந்தது. மனுசி போனைப் பைக்குள் வைத்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. "இஞ்சருங்க, அந்த நாலும்தானே?" என்று அவள்தான் காட்டினாள். பனை வட்டுக்கு நாலு விரல் மேலே, சரிந்த பட்டம் மாதிரி. பக்கத்தில் அதைச் சுட்டிக்கொண்டு இரண்டு வெள்ளி. தொலைநோக்கி இல்லாமல், வெறும் கண்ணால், கச்சான் காற்று சூடாக அடிக்க, தென்சிலுவை ஓலைக்குள் இறங்கிப் போவதைப் பார்த்தோம். அதற்கருகில் நகைப்பெட்டி என்று ஒரு விண்மீன் கூட்டம் உண்டு, அதைக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். அது பூட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

எட்டு ஐம்பத்தைந்துக்கு மோட்டார் சைக்கிள். அதன் முன்விளக்கு நேராக எங்கள் கண்ணுக்குள். இரண்டு மணித்தியாலம் பழக்கிய கண் ஒரு நொடியில் போயிற்று.

சேர் மன்னிப்பெல்லாம் பெரிதாகக் கேட்கவில்லை. "தீர்த்தம், சனம், போன் செத்துப்போச்சு" என்று மூன்றே விசயம் சொல்லி, பூட்டைத் திறந்து, "தம்பி அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார். சண்டை பிடிக்க நான் தயார்படுத்தி வைத்திருந்த வசனங்களோடு தகரக் கூரையில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அது தண்டவாளத்தில் கிறீச்சிட்டுக்கொண்டு போகப் போக, தலைக்கு மேலே தேளின் வால் முழுதாக விரிந்தது.

அதற்குப் பிறகு மனுசன் வேறு ஆள். ரோர்ச்சில் சிவப்புத் தாள் சுற்றியிருந்தார், சிவப்பு வெளிச்சம் இரவுக் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காதாம். (முன்விளக்குக்கும் ஒன்று சுற்றியிருக்கலாம்.) "இதுவும் இறங்கப் போகுது, ஓடி வாங்க" என்று முதலில் காட்டியது ஒமேகா சென்டாரி என்கிற விண்மீன் கூட்டம். வெறும் கண்ணுக்கு மங்கின ஒரு வெள்ளி. கண்ணாடிக்குள்ளே, கறுப்புச் சேலையில் ஒரு பிடி அரிசிமாவைக் கொட்டின மாதிரி, நடுவில் குவியலாக, விளிம்பில் துணிக்கை துணிக்கையாக. சுமார் 17,000 ஒளியாண்டு தூரம், ஒரு கோடி நட்சத்திரமளவு என்றார். இதுவும் ரொறன்ரோவில் எழாது. அங்கே கண்ணைத் துளையில் வைத்தால் பின்னால் வரிசை நிற்கும். இங்கே வரிசையே நாங்கள் இரண்டு பேர்தான், குழாயைக் கையால் பிடித்துத் திருப்பச் சொன்னார், நட்சத்திரம் பார்வையை விட்டு நகர நகர மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை, மரப்பெட்டியில் சுழல்கிற குழாய் அவ்வளவுதான்.

"வேற என்ன பார்க்கணும்?" என்றபோது மனுசி அருந்ததி என்றாள்.

எங்கள் கலியாணம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு. ஐயர் அருந்ததி பாருங்கோ என்று கையை நீட்டிய திசையில் குளிரூட்டிக் குழாய் இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக் கும்பிட்டோம், வீடியோவில் இருக்கிறது. இத்தனைக்கும் அருந்ததி ரொறன்ரோவில் வருடம் முழுக்க மறையாமல் சுற்றுகிற நட்சத்திரம், ஒருநாளும் தலையைத் தூக்கித் தேடவில்லை. இங்கே வடமேற்கில் தணிந்து நின்றது. சேர் முதலில் வெறும் கண்ணால் பார்க்கச் சொன்னார்: பெரியது வசிட்டர், ஒட்டிக்கொண்டு மங்கலாக அருந்ததி. பிறகு கண்ணாடிக்குள். அங்கே வசிட்டர் இரண்டாகப் பிரிந்து நின்றார்! 1617 இலேயே தொலைநோக்கியில் இரட்டையாகத் தெரிந்துவிட்ட நட்சத்திரமாம்.

"அப்ப வசிட்டருக்கு இன்னொண்டும் இருக்கா?" என்றாள் மனுசி. "இது அருந்ததிக்குத் தெரியுமா சேர்?"

"பொறுங்க மகள். அருந்ததியும் தனி ஆள் இல்ல. 2009 இல கண்டுபிடிச்சாங்க, அவவுக்குப் பக்கத்திலயும் ஒரு சின்ன வெள்ளி. வசிட்டரில ரெண்டும் தனித்தனியா ரெண்டு ரெண்டு. மொத்தம் ஆறு பேர்."

காவல்கார ஐயா இருட்டுக்குள்ளிருந்து பெரிதாகச் சிரித்தார்.

பதினொன்றரைக்குக் கடல் பக்கமாகச் சனி மேலே வந்தது. ரிச்மண்ட் ஹில்லில் பார்த்த சனிக்கு அகலமான வளையம், இதில் ஊசி ஒன்று ஊடுருவிய உருண்டைதான். 2025 பங்குனியில் பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடந்ததால் அந்த நேரம் நமக்கு விளிம்பு மட்டும் தெரிந்ததாம், ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கொருமுறை இப்படி. எனக்கு அகலமான வளையம்தான் பிடிக்கும் என்பதையும் பதிவு செய்கிறேன்.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. பெற்றோலுக்காவது என்றேன். "அப்பாட பேரில கோயில்ல போடுங்க" என்றார். காவல்கார ஐயா சொல்லிவிட்டார் போல. கூரையை இழுத்து மூடினோம், சேருக்குத் தூக்கம், பூட்டாமலே மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். ஐயா ஆமைப்பூட்டை மாட்டி, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு திறப்பை எடுத்துத் திருகிப் பூட்டினார்.

நான் அந்தத் திறப்பையே பார்த்தேன்.

"என்னட்டயும் ஒண்டு இருக்கு மனே," என்றார் ஐயா. "சேர் இல்லாம துறக்கப்படாது எண்டு சொன்னவர்."

கூடாரம் வரைக்கும் மனுசி சிரித்துக்கொண்டே வந்தாள்.