எச்டிபிஇ மாதிரி பாட்டில்: இரும்புக்குச் சரி, பாதரசத்துக்கு வேண்டாம்

நிலத்தடி நீர் மாதிரி எடுப்பது என் வேலை. இப்போது புழங்குவது வெள்ளை நிற, வாய் அகன்ற 500 மில்லி எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பாட்டில். கண்ணாடி இருக்க பிளாஸ்டிக் எதற்கு என்றால், கண்ணாடியிலிருந்து சிலிக்காவும் போரானும் மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். அவற்றையே அளக்க வேண்டியிருக்கும்போது கண்ணாடி சரிப்படாது.

இரும்பு அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை இரண்டு பாட்டில்களில் பிடித்துப் பார்த்தேன். இரண்டையுமே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன். ஒன்றில் மட்டும் பிஎச் 2-க்குக் கீழே இறங்கும்வரை நைட்ரிக் அமிலம் விட்டேன். பிடித்தபோது இரண்டும் தெளிவு. மறுநாள் அமிலம் விடாததன் அடியில் செம்மஞ்சள் படிவு. உட்சுவரைப் பஞ்சால் துடைத்தால் துரு நிறம் ஒட்டி வந்தது. காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு படிவாகிவிடுகிறது, ஆர்சனிக் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்கிறது. மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து அளந்தால், இரும்பு இல்லை என்று அறிக்கை வரும்! அமிலம் விட்டது தெளிவாகவே நின்றது. உலோகங்களுக்கு அப்படி 6 மாதம் வரை வைக்கலாம் என்பது நடைமுறை.

ஆனால் நைட்ரிக் அமிலம் விட்ட நீரில் நைட்ரேட் பார்க்க முடியாது, காரத்தன்மையும் போய்விடும். ஆகவே அமிலம் இல்லாத இன்னொரு பாட்டில், பனிக்கட்டிப் பெட்டியில். நைட்ரேட்டை 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது மூடி. முன்பு வாங்கிய வேறொரு வகையில் மூடிக்குள் தனியாக ஒரு வட்டத் தகடு இருந்தது. அமிலம் கலந்த தூய நீரை ஊற்றித் தலைகீழாக வைத்தால் துத்தநாகம் எட்டிப் பார்க்கும். இதில் தகடு கிடையாது, அந்தச் சோதனையில் சுத்தம். கழுத்துவரை நிரப்பி மூடினால் காற்றுக்குமிழி நிற்பதில்லை. பாதி நிரப்பினால் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும். கடின நீரில் சுண்ணாம்பும் படியும். எப்படி நிரப்பினாலும் பிஎச்சை நான் கிணற்றடியிலேயே பார்த்துவிடுவேன்.

குறை என்றால் பாதரசம். எச்டிபிஇ சுவர் வழியாக அதன் ஆவி உள்ளேயும் வெளியேயும் போய்வரும். அதற்குக் கண்ணாடியோ டெஃப்லானோதான். அப்புறம், சொரசொரப்பான எழுதும் பட்டை ஒன்று வைத்திருக்கலாம்; ஈரக் கையால் தொட்டால் பேனா எழுத்து கலைகிறது. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து, 4.